மழைக் கணக்கு யாருக்குச் சொந்தம்?

ஐப்பசி மாதம். விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி, பாலசமுத்திரம் சாலையோரங்களில் தூக்குப் போசியும் கையுமாகப் பெண்கள் நிற்கிறார்கள். மேஸ்திரியின் வண்டி வருகிறது, ஏறிக் கொள்கிறார்கள். களை வெட்ட, வெங்காயம் நட, கொய்யா பறிக்கப் பத்துப் பதினைந்து மைல் போகிறார்கள். பதினோரு மணிக்குத் தெற்கே மலை கறுக்கிறது. சற்று நேரத்தில் மழை கொட்டுகிறது. "இன்றைக்கு வேலை இவ்வளவுதான், போங்கள்" என்கிறார் தோட்டத்துக்காரர். அரைக் கூலி கிடைத்தால் அதிர்ஷ்டம். அதிலும் வண்டிக் காசைப் பிடித்துக் கொண்டுதான் கொடுப்பார்கள்.

அந்தத் தோட்டத்துக்காரரின் செல்போனில் முந்தின நாள் சாயங்காலமே மழை வரும் என்ற செய்தி வந்திருக்கும். அதைப் பார்த்து அவர் மருந்து அடிப்பதைத் தள்ளிப் போட்டிருப்பார். தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தியிருப்பார். எல்லாம் சரியான காரியம்தான். ஆனால், "நாளைக்கு ஆட்கள் வரவேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்ப அவருக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று அவருக்குச் சொன்னவரும் இல்லை.

இனி ஆலைக்குள் வருவோம். நமது ஜில்லாவின் பஞ்சாலைகளில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒரு கருவி நன்றாகத் தெரியும். சுவரில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், மற்றொன்று காய்ந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று கணக்கிடுவார்கள். இப்போது சில ஆலைகளில் இதற்குப் பதிலாக எண் காட்டும் பெட்டி வந்திருக்கிறது. ஈரம் குறைந்தால் நூல் அறுந்துபோகும். ஆகவே உடனே ஈரக்காற்றை அடித்துவிடுவார்கள். நூலுக்கு என்ன சுகம் வேண்டும் என்று அந்தக் கருவி நாள் முழுவதும் சொல்லிக் கொண்டே இருக்கிறது. ரிங் பிரேமுக்கு நடுவே எட்டு மணி நேரம் நடக்கிறவனுக்கு என்ன வேண்டும் என்று அதே கருவியைப் பார்த்துச் சொல்கிறவர் உண்டா?

தோட்டத்திலும் விஞ்ஞானம் இருந்தது. ஆலையிலும் விஞ்ஞானம் இருந்தது. யாருக்காக இருந்தது என்பதுதான் கேள்வி. மழையையும் வெயிலையும் அளக்கும் கருவிகள் பொதுவாக இருக்க வேண்டும். அந்த அளவுகளைப் படிக்கும் பயிற்சி பொதுவாக இருக்க வேண்டும். இரண்டும் உழைக்கிறவனின் கைவரை வந்து சேர வேண்டும். இதைத்தான் இந்த வாரம் நாம் பேச விரும்புகிறோம்.

மலைமேல் உள்ள கூடம்

பழனியில் நின்று தெற்கே பார்த்தால் தெரியும் மலைத் தொடரின் மேலே, கொடைக்கானலில், ஒரு சூரிய ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. உல்லாசப் பயணிகள் பார்த்துவிட்டுப் போகும் இடம் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அந்தக் கூடத்தின் அஸ்திவாரத்தில் ஒரு பஞ்சம் புதைந்து கிடக்கிறது.

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய பஞ்சத்தை நம் பாட்டன் பூட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் செத்து விழுந்தார்கள். அப்போது சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலைக்கு வரும் கூலிக்காரனுக்குத் தினம் ஒரு பவுண்டு தானியமும் சிறு சில்லறையும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதே சமயத்தில் இந்த நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக் கொண்டிருந்தது. மழை பொய்த்தது இயற்கையின் காரியம். தானியத்தை ஏற்றுமதி செய்ததும் கூலியை அறுத்ததும் மனிதர்கள் செய்த காரியம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நாம் மறக்கக்கூடாது.

பஞ்சத்துக்குப் பிறகு, மழை ஏன் தவறுகிறது என்ற கேள்வி ஆட்சியாளர்களையும் விட்டபாடில்லை. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று அக்காலத்து விஞ்ஞானிகள் சிலர் கருதினார்கள். லார்டு கெல்வின் தலைமையில் கூடிய கமிட்டி 1893-ல் கொடைக்கானலில் சூரிய ஆராய்ச்சிக் கூடம் அமைக்க முடிவு செய்தது. 1899-ல் அது வேலையைத் தொடங்கியது. சூரியனைப் பற்றி உலகம் மெச்சும் உண்மைகள் அங்கிருந்து வந்தன. கரும்புள்ளியின் வாயுக்கள் எப்படி வெளிப்புறமாக நகர்கின்றன என்பதை 1909-ல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி அங்கேதான் கண்டறிந்தார். ஆனால் சூரியனை மட்டும் பார்த்துப் பழனிக்கு இந்த வருஷம் எத்தனை மழை என்று சொல்ல முடியவில்லை.

பதில் வேறு திசையிலிருந்து வந்தது. இந்திய வானிலைத் துறை 1875-ல் ஏற்பட்டது. 1904 முதல் 1924 வரை அதன் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பல தேசங்களின் காற்றழுத்தக் கணக்குகளையும் மழைக் கணக்குகளையும் திரட்டினார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். குமாஸ்தாக்கள் கையால் கூட்டிக் கழித்துப் பெருக்கினார்கள். பசிபிக் சமுத்திரத்தின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறும்போது, இந்து சமுத்திரத்துப் பக்கம் இறங்குகிறது. தராசுத் தட்டுப் போல இது மாறி மாறி நடக்கிறது. நமது பருவமழைக்கும் இதற்கும் உறவு இருக்கிறது என்று தெரிய வந்தது. வாக்கரின் பெயர் விஞ்ஞானத்தில் நிலைத்துவிட்டது. கணக்குப் போட்ட குமாஸ்தாக்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாடம் தெளிவானது. பசிபிக் சமுத்திரத்தில் நீர் சூடேறும் எல்நினோ ஆண்டுகளில் நாட்டின் பல பாகங்களில் தென்மேற்குப் பருவமழை இளைத்துப் போவதுண்டு. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் நன்றாகவே பெய்கிறது. மலையின் மழை மறைவில் இருக்கும் பழனி வட்டாரம் அந்த வடகிழக்குப் பருவத்தை நம்பித்தான் இருக்கிறது. பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளுக்கும் வையாபுரிக் குளத்துக்கும் தண்ணீர் வருமா என்ற கேள்விக்குப் பாதி விடை பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு சமுத்திரத்தில் கிடக்கிறது. அந்த விடையைத் தனியாக எந்த ஒரு தேசமும் எடுத்துக் கொள்ள முடியாது. எல்லோரும் அளந்து, எல்லோருக்கும் கொடுத்தால்தான் எவருக்கும் கிடைக்கும்.

பகைவர்களும் பங்கிட்ட கணக்கு

இதை அறிந்துதான் உலக வானிலை ஸ்தாபனம் 1950-ல் உருவாயிற்று. 1963-ல் அது உலக வானிலைக் கண்காணிப்பு என்ற திட்டத்தைத் தொடங்கியது. அணுகுண்டை வைத்துக் கொண்டு அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றையொன்று முறைத்துக் கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் வாஷிங்டனும் மாஸ்கோவும் மெல்போர்னும் உலக மையங்களாக நின்று வானிலைக் கணக்கைப் பரிமாறிக் கொண்டன. புயலுக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதை வல்லரசுகளும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகு வானிலையோடு காலநிலையும் சேர்ந்தது. வானிலை என்பது நாள் கூலி மாதிரி. இன்றைக்கும் நாளைக்கும் உள்ள கணக்கு. காலநிலை என்பது வருஷத்து வரவு செலவு. ஒரு பருவம், பத்து வருஷம், முப்பது வருஷம் எப்படிப் போகிறது என்ற கணக்கு. பூமி சூடேறி வரும் இந்தக் காலத்தில் இரண்டும் வேண்டும். 2009-ல் ஜெனிவாவில் நடந்த உலகக் காலநிலை மகாநாடு, எல்லா நாடுகளும் இந்தக் காலநிலைச் செய்தியைத் தம் ஜனங்களுக்குக் கொடுக்கக் கூட்டாக ஓர் ஏற்பாடு வேண்டும் என்று தீர்மானித்தது. 2012-ல் அதன் நடைமுறைத் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டது. பணக்கார நாட்டில் மட்டும் கருவியும் கணக்கும் இருந்தால் போதாது. ஏழை நாட்டின் வானிலை ஊழியனும் அதே கருவியை எடுத்து, அதே பயிற்சியைப் பெற்று, தன் நாட்டுக்குத் தானே சொல்லக் கூடியவனாக வேண்டும் என்பது அதன் சாரம்.

நமது பிரதேசத்தில் இது எப்படி நடக்கிறது? 2010 ஏப்ரலில் புனாவில் தென்னாசியக் காலநிலை மகாநாடு முதன்முறையாகக் கூடியது. ஆப்கானிஸ்தான், வங்காள தேசம், பூட்டான், இந்தியா, மாலத்தீவு, மியான்மர், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய 9 நாடுகளுக்கான ஏற்பாடு இது. பருவத்துக்கு முன் விஞ்ஞானிகள் கூடி, மழை எந்தப் பக்கம் கூடும், எந்தப் பக்கம் குறையும் என்று ஒருமித்த அபிப்பிராயம் சொல்கிறார்கள். பின்னால் வடகிழக்குப் பருவத்துக்காகவும் கூடலானார்கள். மகாநாட்டோடு பயிற்சி வகுப்பும் நடக்கிறது. ஒவ்வொரு நாட்டு இளைஞரும் தம் நாட்டு மழைக் கணக்கைக் கொண்டு வந்து, பொதுவான கம்ப்யூட்டர் கணக்கு முறையில் போட்டுப் பார்த்துக் கற்றுக் கொள்கிறார்கள். அரசியலில் முகம் பார்க்காத அண்டை நாடுகள்கூட இந்த விஷயத்தில் ஒரே படத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டத்துக்கும் பழனி வெங்காயத் தோட்டத்துக்கும் மழை கொண்டு வருவது ஒரே வங்காள விரிகுடாதானே!

ஆப்பிரிக்காவைப் பாருங்கள். கென்யா, ஜாம்பியா போன்ற நாடுகளில் வானிலைக் கருவியின் பாகங்களை உள்ளூரிலேயே பிளாஸ்டிக்கில் அச்சிட்டுப் பூட்டும் முறை வந்திருக்கிறது. ஒரு பாகம் உடைந்தால் வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதி மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கேயே இன்னொன்று செய்து மாட்டிவிடலாம். மழைப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் காத்து வைக்க ஆப்பிரிக்க வானிலை ஊழியர்களே கூடி எழுதிய இலவச மென்பொருளும் உண்டு. கருவி பொதுச் சொத்தானால் ஏழை நாடும் நிமிர்ந்து நிற்கும் என்பதற்கு இது அத்தாட்சி.

நம் கைகள் செய்த கருவி

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. வெள்ளைக்காரன் போன சமயத்தில் நமது வானிலைத் துறை பெரும்பாலும் வெளிநாட்டுக் கருவிகளை நம்பியிருந்தது. பீர்மேட்டில் பிறந்து, சென்னையில் படித்த அன்னா மணி என்ற விஞ்ஞானி 1948-ல் புனாவில் அந்தத் துறையில் சேர்ந்தார். சுமார் 100 வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இங்கேயே உற்பத்தி செய்ய வழி செய்தார். தரப்படுத்திய வரைபடம் என்றால் என்ன என்பது தொழிலாளிக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த அளவுக்கு இப்படிச் செய் என்று வரைந்து கொடுத்துவிட்டால், தேர்ந்த கைகள் எந்தப் பட்டறையிலும் அதைச் செய்யலாம். வித்தை ஒருவரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்காது. பூட்டுச் செய்யும் திண்டுக்கல்லுக்குத் திறப்பதன் அருமையும் தெரியும்!

1932-லேயே புனாவில் விவசாய வானிலைப் பிரிவு தொடங்கப்பட்டது. அதை வளர்த்தவர் பாலக்காட்டுக்காரரான எல்.ஏ. ராமதாஸ். 1945-ல் விவசாயிகளுக்கான வானிலை அறிக்கை ரேடியோவில் வரத் தொடங்கியது. இந்தப் பாரம்பரியம் நம்முடையது. அதைக் குறைத்து மதிப்பிட நாம் தயாரில்லை. வானிலை நிலையங்களில் ராத்திரி பகலாக அளவெடுக்கும் ஊழியர்களும் நம்மைப் போன்ற தொழிலாளர்களே. நமது சண்டை விஞ்ஞானத்தோடு அல்ல.

சங்கிலி எங்கே அறுகிறது?

அப்படியானால் குறை எங்கே? ஜெனிவாவிலிருந்து புனாவுக்கு வருகிறது. புனாவிலிருந்து சென்னைக்கு வருகிறது. அதன் பிறகு நம் ஊருக்கு வரும் வழியில் சங்கிலி அறுந்துவிடுகிறது.

2018-ல் மத்திய சர்க்கார் ஜில்லா விவசாய வானிலைப் பிரிவுகளை ஏற்படுத்தத் தொடங்கியது. நாடு முழுவதும் 199 பிரிவுகள், வேளாண் அறிவியல் நிலையங்களில் அமைந்தன. ஒவ்வொன்றிலும் வானிலை படித்த ஒரு நிபுணரும் ஓர் அளவெடுப்பவரும் வேலை செய்ய ஏற்பாடு. செவ்வாய்தோறும் வெள்ளிதோறும் வரும் அறிக்கையை வட்டாரத்துக்கு ஏற்றபடி மாற்றி, அந்தந்த ஊர்ப் பாஷையில், அந்தந்த ஊர்ப் பயிருக்குச் சொல்வது அவர்கள் வேலை. ஆனால் அவர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்ல. 2024-ம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்தப் பிரிவுகளை மூடும்படி உத்தரவு வந்தது. பயிற்சி பெற்றவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுபடி தொடங்கப் போவதாக அதே ஆண்டில் பேச்சும் எழுந்தது. நிரந்தர வேலையாகத் தொடங்கினால் நாம் வரவேற்போம்.

அதே 2024 செப்டம்பரில் வானிலைத் துறையின் யந்திரங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் 2,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய சர்க்கார் அங்கீகரித்தது. அக்டோபரில் ஊராட்சி வாரியாக வானிலை சொல்லும் ஏற்பாடு வந்தது. 2025 மே மாதம் 6 கிலோமீட்டர்க் கட்டங்களாக நாட்டைப் பிரித்துக் கணக்கிடும் புதிய முறையும் வந்தது. இவை நல்லவை, நாம் எதிர்க்கவில்லை. ஆனால் கேட்கிறோம்: யந்திரம் ஊராட்சி வரை இறங்கி வரும் அதே வருஷத்தில், அந்த யந்திரத்தின் பேச்சை ஊராருக்குப் புரிய வைக்கும் மனிதனை வெளியே அனுப்புவது என்ன புத்தி? ரிங் பிரேமைப் புதிதாக வாங்கிவிட்டு, அதை ஓட்டத் தெரிந்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்துவது போலல்லவா இது!

"எல்லாம் செல்போனில் வந்துவிடுகிறதே, ஆள் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். சரி, செல்போனில் என்ன வருகிறது? ஆரஞ்சு எச்சரிக்கை என்று வருகிறது. ஆரஞ்சு என்றால் என்ன? மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் உடனே காரியத்தில் இறங்கு. கனமழை என்று வருகிறது. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. அதற்கும் மேல் அதிகனமழை. இவை ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடக் கூடிய விஷயங்கள். அந்த ஒரு மணி நேரத்தை நமக்குக் கொடுத்தவர் யார்? இணையத்துக்குக் காசு போட முடியாத வீடும், போனே இல்லாத பாட்டியும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் தோழரும் இந்த நாட்டின் பிரஜைகள் இல்லையா?

இன்னொன்றும் சொல்கிறார்கள்: "வானிலை அறிக்கைதான் பொய்க்கிறதே, அதை நம்பி என்ன பயன்?" நேர்மையாகப் பதில் சொல்வோம். அறிக்கை சில சமயம் தவறத்தான் செய்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எச்சரிக்கை போதுமானதா, நேரத்தில் வந்ததா என்று மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் வாக்குவாதம் செய்தன. பருவ அறிக்கை என்பது சத்தியப் பிரமாணம் அல்ல. இயல்புக்கு மேல், இயல்பு, இயல்புக்குக் கீழ் என்று மூன்று கூறுகளாக்கி, எதற்கு வாய்ப்பு அதிகம் என்றுதான் புனா மகாநாடும் சொல்கிறது. பத்தில் ஆறு பங்கு வாய்ப்பு என்றால், நான்கு பங்கு தவறலாம் என்றும் அர்த்தம். இதைப் புரிந்து கொண்டவன் அறிக்கை தவறினாலும் ஏமாறமாட்டான். புரியாதவன் ஒரு முறை தவறியதும் அடுத்த எச்சரிக்கையைத் தூக்கி எறிந்துவிடுவான். எனவே அறிக்கை தவறுகிறது என்பது பயிற்சி வேண்டாம் என்பதற்குக் காரணம் அல்ல. பயிற்சி இன்னும் அதிகமாக வேண்டும் என்பதற்கே காரணம்.

கூலிக்காரனுக்கும் ஒரு வரி

இப்போது வரும் விவசாய வானிலை அறிக்கையை எடுத்துப் படித்துப் பாருங்கள். விதைக்கலாமா, உரம் போடலாமா, மருந்து அடிக்கலாமா, அறுக்கலாமா என்று சொல்கிறது. எல்லாம் நிலத்தை வைத்திருப்பவருக்கு. அந்த விதையை விதைத்து, அந்த உரத்தைப் போட்டு, அந்த மருந்தை முதுகில் சுமந்து அடிக்கும் மனிதனுக்கு என்ன சொல்கிறது? இந்த நாட்டில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் இடி மின்னலில் சாகிறார்கள். அவர்களில் பெரும் பகுதி வெட்டவெளியில் வேலை செய்யும் கிராமத்து ஜனங்கள். மின்னல் எச்சரிக்கை வந்த நேரத்தில் வேலையை நிறுத்தி ஆட்களைக் கட்டடத்துக்குள் அனுப்ப வேண்டும் என்ற ஒரு வரி, பயிரைக் காக்கும் பத்து வரிக்குக் குறைந்ததா?

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சிப் பிரதேசம் என்று அறிவிக்கப்பட்டன. நிவாரணமும் பயிர்க் காப்பீடும் நிலத்தின் பேரில் வந்தன. அதுகூட எல்லா விவசாயிக்கும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் நிலமே இல்லாதவனுக்கு அந்த வறட்சி எந்தக் கணக்கில் வந்தது? பயிர் கருகினால் பதிவேட்டில் ஏறுகிறது. கூலி கருகினால் எங்கே ஏறுகிறது? பருவம் பொய்க்கக் கூடும் என்று இரண்டு மாதம் முன்னால் தெரிந்தால், குளம் தூர் வாருவது போன்ற பொது வேலைகளை அந்த மாதங்களுக்கு ஏற்பாடு செய்து வைக்கலாம். ஊரைவிட்டுத் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் குடும்பத்தோடு ஓடுவது பாதியாவது குறையும். காலநிலைக் கணக்கின் உண்மையான உபயோகம் இங்கேதான் இருக்கிறது.

ஆலைத் தோழர்களின் விஷயமும் இதுவே. ஈரக்குமிழ் வெப்பமானி சொல்வதை மனித உடலுக்கு வைத்துப் படிக்க விஞ்ஞானம் தெளிவாகக் கற்றுக் கொடுத்திருக்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது. சூடு உள்ளேயே தங்கும். ஈரக்குமிழ் 35 பாகை காட்டினால் சும்மா உட்கார்ந்திருக்கும் திடமான மனிதனும் பல மணி நேரம் தாங்க முடியாது. உழைக்கிறவனுக்கோ அதற்கு வெகு கீழேயே ஆபத்து தொடங்கிவிடும். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே செயற்கை ஈரம் பற்றித் தனியாக 15-ம் பிரிவு இருந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் கடும் வெப்பத்தை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அது நல்ல காரியம். வெயிலில் நடப்பவனுக்கு உள்ள எச்சரிக்கை, தகரக் கூரைக்குக் கீழே செயற்கை ஈரத்தில் நிற்பவனுக்கும் வர வேண்டாமா? ஊரில் வெப்ப எச்சரிக்கை வந்த அன்று ஆலைச் சுவரில் உள்ள கருவி என்ன காட்டியது என்று எழுதி வைத்தால், ஆறு மாதத்தில் நம் கையில் மறுக்க முடியாத சாட்சி இருக்கும்.

நாம் கேட்பது

ஒன்று: ஜில்லா விவசாய வானிலைப் பிரிவுகள் நிரந்தர ஊழியர்களோடு இயங்க வேண்டும். ஊராட்சி ஒன்றியம் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும்.

இரண்டு: வானிலை அறிக்கையில் உழைப்பவர்களுக்கு என்று தனிப் பகுதி வேண்டும். எந்த நேரத்தில் மழை, எந்த நேரத்தில் மின்னல், எந்த நேரத்தில் வெயில் கடுமை என்று நல்ல தமிழில் முந்தின நாள் சாயங்காலமே ஊராட்சி ஒலிபெருக்கியிலும் ரேஷன் கடைப் பலகையிலும் வர வேண்டும்.

மூன்று: எச்சரிக்கை இருந்தும் ஆட்களை வரவழைத்துவிட்டு மழையில் திருப்பி அனுப்பினால் அரை நாள் கூலியாவது கட்டாயம் என்று விதி வேண்டும்.

நான்கு: ஊராட்சிகளில் வைக்கப்படும் மழைமானிகளின் அளவு தினமும் பலகையில் எழுதப்பட வேண்டும். காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரியும் எண் சிறு விவசாயிக்கும் தெரிய வேண்டும்.

ஐந்து: ஆலைகளில் ஈரக்குமிழ், உலர்குமிழ் அளவுகளைத் தொழிலாளர் பார்க்கும் இடத்தில் ஷிப்டுதோறும் எழுத வேண்டும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் குடிதண்ணீரும் ஓய்வும் தர வேண்டும்.

ஆறு: அண்டை நாடுகளோடு நடக்கும் கூட்டுப் பயிற்சியை எந்த அரசியல் கோபத்தாலும் நிறுத்தக்கூடாது, பெருக்க வேண்டும்.

கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக் கொண்டு இருப்பதா? கூடாது. நாமே தொடங்கக் கூடியதும் இருக்கிறது. அடியும் வாயும் ஒரே அகலமாக, நேரான சுவரோடு உள்ள ஒரு தகர டப்பாவை எடுங்கள். மரமும் சுவரும் மறைக்காத வெட்டவெளியில், சாயாதபடி நட்டு வையுங்கள். காலை எட்டரை மணிக்கு அளவுகோலை விட்டு உள்ளே உள்ள நீரின் உயரத்தைப் பாருங்கள். அதுதான் மழையின் அளவு. டப்பா பெரிதானாலும் சிறிதானாலும் உயரம் ஒன்றே. நாட்டின் வானிலை நிலையங்களிலும் அதே எட்டரை மணிக்குத்தான் அளவெடுக்கிறார்கள். 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் அது மழை நாள். 10 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். சங்கத்துப் பலகையில் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அன்று எத்தனை பேர் வேலையில்லாமல் திரும்பினார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மழைக் கணக்கும் கூலிக் கணக்கும் ஒரே பக்கத்தில் வரட்டும்.

பஞ்ச காலத்தில் டெம்பிள் துரையிடம் ஒரு பவுண்டு தானியம் வாங்கியவனிடம் எந்தக் கணக்கும் இல்லை. கணக்கு முழுவதும் துரையிடம் இருந்தது. இன்று கணக்கு உலகத்துக்கே பொதுவாகியிருக்கிறது. அது பொதுவாகவே இருக்கவும், நம் தெருவரை வரவும் நாம்தான் விழித்திருக்க வேண்டும். மலை கறுக்கும்போது அண்ணாந்து பார்க்கும் நம் ஜனங்கள், அந்த மேகம் எவ்வளவு கொண்டு வருகிறது என்பதையும் அளந்து சொல்லட்டும்!